பீருக்கு ருசி சொன்னவர்

திருப்பூரில் ஒரு ஓட்டலின் பாரில் மகனுக்காகக் காத்திருந்தபோது அவரைப் பார்த்தேன். மகன் வர ஐம்பது நிமிடம் தாமதம். எக்ஸ்போர்ட்டில் கழித்துவிட்ட டி-சர்ட் போட்டிருந்த அவர், நான்கு சிறு கோப்பைகளில் பீர் ஊற்றி, ஒவ்வொன்றையும் விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார். பெங்களூர்ப் பக்கத்துச் சிறு ஆலையொன்றின் பீர்களாம். குடித்துப் பார்த்து, செல்போனில் வீடியோ எடுத்து விமர்சனம் பேசுவது அவர் தொழிலாம்.

ஒரு கோப்பையை என் பக்கம் நகர்த்தினார்.

“ஏனுங்க சாமி, ஒரு வாய் குடிச்சுப் பார்த்துச் சொல்லுங்களே. காய்ச்சல் வந்து போனதுல இருந்து என் நாக்குக்கு ருசியே தெரியறதில்லீங்க.”

எரிச்சலோடு குடித்தேன். “கசக்குது.”

“எல்லாப் பீரும் கசக்குமுங்க. பாகக்காயாட்டமா, வெந்தயமாட்டமா?”

“தீஞ்ச வெந்தயமாட்ட. மோசம்.”

தலையாட்டிக்கொண்டார். பிறகு செல்போனுக்கு முன்னால் ஒரு மிடறு விழுங்கி, கண்களை மூடி, “அருமைங்க! பத்துக்கு ஒன்பது” என்றார்.

“மோசம்னுதானே சொன்னேன்?”

“அப்படிச் சொன்னா ஆலைக்காரங்க அடுத்து என்னைக் கூப்பிட மாட்டாங்க சாமி. ஊட்டுல அடுப்பெரியணுமில்லீங்க?”

“அப்புறம் எதுக்கு என்னைக் கேட்டீங்க?”

செல்போனை அணைத்துவிட்டுச் சொன்னார்: “நான் குடிக்கிறது என்னன்னு எனக்காச்சும் தெரிய வேண்டாமுங்களா?”

மகன் வாசலில் நின்று கூப்பிட்டான். மீதி மூன்று கோப்பைகளையும் நானே என் பக்கம் இழுத்துக்கொண்டேன். மூன்றும் மோசம். மூன்றையும் மறைக்காமல் சொன்னேன்.