ஈக்களுக்கு வைத்த தட்டு

என் அண்ணி கையை ஓங்கினால் அடுத்த ஊர் ஈகூட இறக்கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். அடுத்த ஊர் என்பது கொஞ்சம் அதிகப்படிதான். அடுத்த தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் குறைக்க மாட்டேன்.

ஊரில் மற்ற கடைக்காரர்கள் வியாபாரம் இல்லாமல் ஈ ஓட்டுவார்கள். அண்ணி ஈ ஓட்டியே வியாபாரம் பிடித்தவள். செங்கல் சூளைக்குப் போகும் மண்சாலையில் தகரக் கூரை போட்ட சாப்பாட்டுக் கடை அவளுடையது. லாரி ஓட்டிக்கொண்டிருந்த என் அண்ணன் முதுகு பிடித்து வீட்டோடு உட்கார்ந்ததும் திறந்தது. அந்தக் கடை அடுப்பு எரிந்தால்தான் வீட்டு அடுப்பும் எரியும் என்ற நிலை.

கடைக்குப் பின்னால் ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் மாட்டுக்காரரின் தொழுவமும், வானத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கும் எருக்குழியும். ஆகவே ஈக்குப் பஞ்சமே இல்லை. கடை திறந்த புதிதில் சூளை மேஸ்திரி டீ டம்ளரைத் தூக்கிப் பிடித்து, “அக்கா, நீச்சல் தெரியாததையெல்லாம் எதுக்கு உள்ள இறக்கி விடுறீங்க?” என்று கேட்டுவிட்டார். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்றைக்கு அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே ஒரு வழி கண்டுபிடித்தாள். கடைத் தட்டுகளில் ஒன்றை எடுத்து, சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி, பழத்தோல் நாலைப் போட்டு, பின்சுவர் மேல் வைத்தாள். எருக்குழியிலிருந்து கிளம்புகிற ஈ அங்கேயே இறங்கிவிட்டது. “வயிறு நிறைஞ்சவன் எதுக்கு அடுத்தவன் அடுப்படிக்குப் போறான்?” என்பது அவள் வாதம். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நானும் படித்தவள்தான்.

வாதம் பலித்தது. சமையலறையில் பேருக்குக்கூட ஓர் ஈ கிடையாது. ஒன்றிரண்டு வழி தவறி வந்தால் அவள் கை பார்த்துக்கொள்ளும். சூளை ஆட்கள் எல்லாருக்கும் மதியச் சாப்பாடு இங்கேதான் என்று மேஸ்திரி முடிவு செய்தார். “ஈ இல்லாத கடை” என்றால் பஸ்காரர்கள்கூட இறக்கிவிடுவார்கள். அண்ணியின் தலை தகரக் கூரையை இடிக்கிற அளவுக்கு உயர்ந்தது.

அப்புறம் ஒரு கோடையில் சூளையே படுத்துவிட்டது. ஒருத்தர் விடாமல் வயிற்றுப்போக்கு. மேஸ்திரிக்கு ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். எல்லாரும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் எல்லாரும் சாப்பிட்ட இடம் ஒன்றுதான் என்று யாரோ சொல்ல, சுகாதார ஆய்வாளர் தொப்பியும் கைப்பையுமாகக் கடைக்கு வந்து இறங்கினார்.

“பாருங்க சார், நல்லா பாருங்க. ஒரு ஈயைக் காட்டுங்க, நானே கடையை மூடிடுறேன்” என்றாள் அண்ணி.

மனுஷர் மூலை முடுக்கெல்லாம் தேடினார். ஈ இல்லை. வந்த வேலைக்கு ஈ ஒன்றாவது இருந்திருந்தால் அவருக்கும் மரியாதையாக இருந்திருக்கும். கை கழுவலாம் என்று பின்பக்கம் போனார். சுவர் மேல் தட்டு. தட்டு மேல் கறுப்புப் போர்வை போர்த்தின மாதிரி ஈ.

“இது என்னம்மா?”

“அது அவங்களுக்கு, சார்.”

“எவங்களுக்கு?”

“ஈங்களுக்குத்தான். அதுங்களுக்கும் வயிறு இருக்குல்ல?”

ஆய்வாளர் கொஞ்ச நேரம் எருக்குழியைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். “இந்தத் தட்டை எங்க கழுவுறீங்க?”

அண்ணிக்குக் கோபம் வந்துவிட்டது. அழுக்குக்காரி என்று சொல்கிறாரே! “அதெல்லாம் சுத்தமா கழுவிடுவேன் சார். இருக்கிறதுலயே இதுதான் அழுக்கு. அதனால முதல்ல இதைக் கழுவிட்டுத்தான் மத்ததைத் தொடுவேன்.”

“மத்தது?”

“சாப்பிடுற தட்டு, டம்ளர்.”

“அதே தொட்டியிலயா?”

“அதே தொட்டிதான்.”

“தண்ணியை மாத்திட்டா?”

“அடிபம்பு எங்க இருக்குன்னு தெரியுமா சார் உங்களுக்கு?”

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சொன்னார்: ஈயின் காலெல்லாம் மயிர், எருக்குழியில் நடந்த காலோடு தட்டில் நடக்கும், கிருமியை அங்கே இறக்கி வைக்கும். “போதாக்குறைக்கு, சாப்பிடுறப்பவே உள்ள இருக்கிறதைக் கொஞ்சம் வாந்தி எடுக்கும்மா.”

“எங்க மாமனார் சாப்பிட்டு முடிச்சப்புறம்தான் எடுப்பாரு” என்றான் கடை மூலையில் கட்டில் போட்டுக் கிடந்த என் அண்ணன். யாரும் சிரிக்கவில்லை.

ஆய்வாளர் தொட்டித் தண்ணீரைப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு கடைக்குப் பூட்டுப் போட்டார். ஈ புகாத கடைக்குள் ஈ விருந்தை அவளே சுமந்து போயிருக்கிறாள், அதுவும் தினமும், தேய்த்துக் கழுவி!

மூன்றாம் நாள் அண்ணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மாட்டுக்காரர் வீட்டு வாசலில் நின்றாள். “மாடு சாணி போடுறது அதோட இஷ்டம். அதைத் திறந்து போட்டு வைக்கிறது உங்க இஷ்டம். என் கடை மூடிக் கிடக்கே, அது யார் இஷ்டம்ணே?” அவர் அன்று மாலையே எருக்குழியை மண் போட்டு மூடினார். சம்மதித்து மூடினாரா, பயந்து மூடினாரா என்பதை நான் விசாரிக்கவில்லை.

சர்க்கரைத் தட்டு குப்பைக்குப் போனது. ஜன்னலுக்குக் கம்பி வலை வந்தது. சாப்பாட்டுப் பாத்திரம் ஒவ்வொன்றுக்கும் மூடி, கை கழுவ சோப்பு. சோப்புப் போட்டுக் கழுவின தட்டுகள் கொதிக்கிற தண்ணீரில் முங்கி எழ ஒரு பெரிய அண்டா. தண்ணீர் சுமந்தது யார் என்கிறீர்கள்? முதுகு வலிக்காரனான என் அண்ணன்தான். கடை போனால் கஞ்சியும் போகும் என்றதும் அவன் முதுகு நேராகிவிட்டது.

ஆனால் ஒன்று. சுவர் மேல் விருந்து நின்றதும், எருக்குழியோடு புதையாமல் தப்பின ஈ நாலைந்து வாசல் வழியாகக் கடைக்குள் வந்துவிட்டன. ஆய்வாளர் மறுபடி சோதனைக்கு வந்த நேரம் பார்த்து ஒன்று அவர் தொப்பி மேலேயே உட்கார்ந்தது. அண்ணியின் கை தானாக உயர்ந்தது. என் அண்ணன் பாய்ந்து பிடித்திருக்காவிட்டால் அரசாங்கத்தின் மேல் அடி விழுந்திருக்கும். ஈ இல்லாத கடையைப் பூட்டினவர் ஈ உள்ள கடையைத் திறந்துவிட்டார். திறந்த கையோடு முதல் ஆளாகப் பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதைப் பார்த்ததும் சூளையே எழுந்து ஓடி வந்துவிட்டது.

இதுவரை எழுதியதை நான் படித்துக் காட்டியபோது, பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அண்ணி நிமிர்ந்தாள்.

“ஏ பொய்க்காரி! அந்த மனுஷன் ஒரு வாய் சாப்பிடல. டீ நீட்டினேன், ‘வயிறு சரியில்லம்மா’ன்னு எழுந்து போயிட்டாரு. ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டது உங்கண்ணன். சூளைக்காரங்க ஒருத்தர்கூட ஓடி வரல. அண்டாவைத் தூக்கி வாசல்ல, ரோட்டைப் பாக்க வச்சேன். மேஸ்திரி ஒரு வாரம் போக வர நின்னு, தட்டு கொதிக்கிறதைப் பாத்துட்டுப் பாத்துட்டுப் போனாரு. அப்புறம்தான் உள்ள வந்தாரு. அப்பவும் டம்ளரை அவர் கையாலயே அண்டால முக்கி எடுத்துக்கிட்டாரு. அதை எழுது.”