மகளின் கையில் கட்டிய கடிகாரம்

மாலை ஆறு மணி நாற்பது நிமிடம். ஃபோன் திரையில் முதலில் கண்ணில் பட்டது ஒரே ஒரு வரி: 'சுற்றுப்புற ஒலியைக் கேட்க'. பக்கத்தில் ஒரு பச்சைப் பொத்தான். மகளின் கைக்கடிகாரம் எங்கே இருக்கிறது என்று காட்டும் செயலியில், ஐந்து மாதமாக நான் போய்ப் பார்க்காத மூலை அது.

அவளுக்கு ஒன்பது வயது. அவளும் அவள் அம்மாவும் ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையை ஒட்டிய ஒரு குடியிருப்பில் இருக்கிறார்கள். நான் உறையூரில். விவாகரத்தாகி இரண்டு வருடம். நீதிமன்ற உத்தரவுப்படி சனிக்கிழமை காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை மகள் என்னோடு இருப்பாள். மற்ற நாட்களில் ஸ்கூல் வேன் காவிரிப் பாலம் தாண்டி அவளை நாலரைக்கு இறக்கிவிடும். அம்மா ஆபீஸிலிருந்து வர ஆறாகும். இடையில் தனியாக இருக்கும் பிள்ளைக்காகத்தான் சிம் போட்ட அந்தக் கடிகாரம். பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினால் எங்கள் இருவர் ஃபோனும் அடிக்கும். நாங்கள் இருவரும் சண்டை இல்லாமல் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அது.

பச்சைப் பொத்தானைத் தொட்டேன். கடிகாரம் என் ஃபோனை அழைத்தது. அப்போது அதில் வெளிச்சம் வராது, மணியும் அடிக்காது. முதலில் கேட்டது குக்கர் விசில். பிறகு, மிக அருகில், மகளின் மூச்சு.

பத்திரிகை அலுவலகத்தில் எனக்கு மாலை ஷிஃப்ட். அன்றிலிருந்து தினமும் அதே நேரத்துக்கு, டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி மொட்டை மாடிக்குப் போனேன். ஏழாம் வாய்ப்பாடு கேட்டேன். தோசை வேண்டாம் என்று அடம்பிடிப்பதைக் கேட்டேன். என்னிடம் அவள் இவ்வளவு வேகமாகப் பேசியதில்லை. செய்வது தவறு என்று தெரியும். ஒருவருக்குத் தெரியாமல் எடுத்த பேச்சை அச்சில் போடக் கூடாது என்று அதே அலுவலகத்தில் பலமுறை வாதாடியிருக்கிறேன்.

பதினோராம் நாள் வியாழக்கிழமை.

"சனிக்கிழமை என் ஃபிரெண்டுக்கு பர்த்டேம்மா. கேக் வெட்டிட்டு எல்லாரும் பட்டர்ஃபிளை பார்க் போறாங்க. நான் மட்டும்தான் போகல."

"அப்பாகிட்ட கேளேன்டி. வேணாம்னா சொல்லப் போறாரு?"

"சரின்னுதான் சொல்லுவாரு. அப்புறம் மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடும். பாவம்மா. காலைலயே மாவு பிசைஞ்சு வெச்சிருப்பாரு. அவர் சப்பாத்தி அப்பளம் மாதிரி இருக்கும். நல்லாருக்குன்னு சொல்லி ரெண்டு தின்னுட்டு வந்துடறேன்."

அம்மா சிரித்தாள். மகளும் சிரித்தாள். நான் இணைப்பைத் துண்டித்தேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு அவர்கள் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினேன். இரண்டு நாள் யோசித்துவைத்திருந்ததைச் சொன்னேன். "பாப்பா, இன்னிக்கு நம்ம வீட்டுக்கு வேணாம். பர்த்டேக்குப் போ. எல்லாரோடயும் பார்க் போயிட்டு வா. அப்பாவுக்கு ஒண்ணும் இல்ல."

அவள் முகம் மலரும் என்று காத்திருந்தேன்.

"பார்க்குன்னு உங்களுக்கு யாருப்பா சொன்னா?"

"அம்மாதான்…"

"அம்மா உங்ககிட்ட பேசறதே இல்லையே."

கடிகாரத்தைப் பார்த்தாள். "வேன்ல ஒரு அக்கா சொன்னாங்க, இதுல ஒட்டுக் கேக்கலாம்னு. எங்கப்பா அப்படில்லாம் பண்ண மாட்டாருன்னு சொன்னேன்."

நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன்.

"சப்பாத்தி சொன்னதும் கேட்டுச்சாப்பா?"

தலையசைத்தேன்.

"சும்மா சொன்னேம்ப்பா. நல்லாத்தான் இருக்கும்."

பட்டையை அவிழ்த்து கடிகாரத்தை என் கையில் வைத்தாள். மணிக்கட்டில் அது இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. பர்த்டேக்குப் போகவில்லை. என் பின்னால் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டாள். மதியம் மூன்று சப்பாத்தி தின்றாள்.

மாலையில் கொண்டுபோய் விட்டபோது அவள் அம்மாவிடம் நானே சொன்னேன். அவள் கத்தவில்லை.

"அவ தனியா இருக்கறப்ப பாத்துக்கத்தானே வாங்கினோம்? நான் வீட்ல இருக்கறப்ப எதுக்குக் கேட்டீங்க?"

இப்போது ஆறு மணி வரை மகள் பக்கத்து வீட்டில் இருக்கிறாள். சனிக்கிழமைகளில் தவறாமல் வருகிறாள். கேட்டதற்குப் பதில் சொல்கிறாள்.

போன வாரம் அவள் அம்மா ஃபோன் செய்தாள்.

"உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு. அவ வீட்ல சத்தமாப் பேசறதே இல்லைங்க. சமையக்கட்டுல நாங்க ரெண்டு பேர் மட்டும் இருந்தாலும் காதுகிட்ட வந்துதான் சொல்றா."

கடிகாரம் அந்த வீட்டைவிட்டு வந்து மூன்று மாதமாகிறது.