ஜன்னல் வழியே போன வளையல்கள்

அறுபதுகளின் நடுவில் ஒரு மே மாதம். நாங்கள் அப்போது செஞ்சியில் குடியிருந்தோம். என் கணவர் அங்கே உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். எங்கள் மகளுக்கு ஒரு வயது பத்து மாதம். கோடை லீவில் நாலு நாள் மெட்ராஸ் போய்த் தங்கிவிட்டு வரலாம் என்று அவர் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் நான் திண்டிவனத்தைத் தாண்டியதில்லை.

கணக்கு வாத்தியார் ஊருக்குக் கிளம்பினால் எப்படியிருக்கும்? இதற்கென்றே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிவிட்டார். 'ஆறரை, பாப்பா பால். ஏழேகால், பாப்பா குளியல். ஒன்பது, உயிர்காலேஜ். பதினொன்றரை, பாப்பா தூக்கம்.' மிருகக்காட்சிசாலையை அப்போதெல்லாம் உயிர்காலேஜ் என்றுதான் சொல்வோம். ஒரு பக்கம் முழுக்க எடுத்துப் போகவேண்டிய சாமான்கள். அதில் கடைசியாக, அடிக்கோடிட்டு, 'ஸ்டவ்' என்று எழுதியிருந்தார். ஓட்டல் பாலைக் குழந்தைக்குக் கொடுக்க அவருக்கு மனசில்லை. எங்கள் பம்ப் ஸ்டவ்வை ஜமுக்காளத்தில் சுற்றி எடுத்துக்கொண்டோம்.

எழும்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு லாட்ஜ். செஞ்சி, திண்டிவனம் பக்கத்து ஆட்கள் மெட்ராஸ் போனால் பெரும்பாலும் அங்கேதான் தங்குவார்கள். அறையில் அடுப்பு பற்ற வைக்கக் கூடாது என்று வாசலிலேயே எழுதிப் போட்டிருந்தது. அதைப் படித்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார். நான் ஜமுக்காளத்தைப் பார்த்தேன். இரண்டு பேரும் மாடியேறினோம்.

நோட்டில் எழுதியது ஒன்றும் நடக்கவில்லை. உயிர்காலேஜ் வாசலில் பாப்பா தூங்கிப்போனாள். சிங்கம், புலி எல்லாவற்றையும் அப்பா தோளில் தூங்கிக்கொண்டே தாண்டினாள். வெளியே வந்ததும் முழித்துக்கொண்டு ஒரு நாயைக் காட்டி "பௌ பௌ" என்று குதித்தாள். கடலைப் பார்த்து வீரிட்டு அழுதாள். அவளுக்கு மெட்ராஸில் பிடித்ததே லாட்ஜ் அறைக் கதவின் கீழ்த்தாழ்ப்பாள் ஒன்றுதான். இரும்புத் தாழ்ப்பாள், தரையிலிருந்து ஒரு சாண் உயரம், அவள் கைக்கு எட்டும்படி. அதைத் தட்டினால் 'டக்'கென்று தரைக் குழியில் விழும். திரும்ப மேலே தூக்க அவளுக்குத் தெரியாது. நாங்கள் தூக்கிவிட வேண்டும், அவள் மறுபடி தட்டுவாள். அவரும் அலுக்காமல் தூக்கிவிட்டுக்கொண்டே இருப்பார்.

இரண்டாம் நாள் மத்தியானம் பாப்பா டம்ளரைத் தரையில் தட்டி விளையாடினாள். லாட்ஜ் ஆள் வந்து கதவைத் தட்டினார். "பக்கத்து ரூம்ல ஒரு அம்மா கம்ப்ளெயிண்ட் பண்றாங்க. சத்தம் போடாம பாத்துக்குங்க." எனக்குச் சுருக்கென்றது. குழந்தை என்றால் சத்தம் போடாதா? அந்த அம்மா தாழ்வாரத்தில் போகும்போது பார்த்திருக்கிறேன். முப்பத்தைந்து வயதிருக்கும். கறுத்து, உயரமாக, யாரையும் ஏறெடுத்துப் பார்க்காமல் போவாள். பிள்ளை பெற்றவளாக இருந்தால் இப்படிச் சொல்வாளா என்று அவரிடம் முணுமுணுத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மூன்றாம் நாள் காலை. அவர் ரொட்டி வாங்கக் கீழே போயிருந்தார். நான் மூலையில் ஸ்டவ்வைப் பற்றவைத்து, பாலை ஏற்றிவிட்டு, சொம்போடு தாழ்வாரக் குழாய்க்குப் போனேன். பத்தடி தூரம்தான். சொம்பு நிறைவதற்குள் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்துகிற சத்தம். அப்புறம் அந்த 'டக்.'

ஓடி வந்து தள்ளினேன். அசையவில்லை. தாழ்வாரத்தைப் பார்த்தாற்போல் கம்பி போட்ட ஜன்னல் ஒன்று இருந்தது. அதில் முகத்தை வைத்துப் பார்த்தால், பாப்பா கதவருகே நின்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

"கண்ணு, அதத் தூக்கு. தூக்குடா கண்ணு."

பாப்பாவுக்குத் 'தூக்கு' என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான் தெரியும். இரண்டு கையையும் மேலே உயர்த்தி, தூக்கிக்கொள்ளச் சொல்லி என்னைப் பார்த்து நின்றாள். எனக்கு உயிரே போய்விட்டது.

நான் தூக்கவில்லை என்றதும் அவள் திரும்பினாள். ஸ்டவ் உஸ்ஸென்று எரிந்துகொண்டிருந்தது. சூடான பாலை ஊதிக் குடிக்க நான்தான் அவளுக்குப் பழக்கியிருந்தேன். உதட்டைக் குவித்து "ஊ ஊ" என்று ஊதிக்கொண்டே அவள் அதை நோக்கி நடந்தாள். நான் என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. என் கத்தலில் பயந்துபோய் அவள் அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். கை நீட்டினால் ஸ்டவ் எட்டிவிடும்.

நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். லாட்ஜ் ஆள் கடப்பாறை எடுத்துவர ஓடினார். அப்போது யாரோ என் தோளைப் பிடித்து ஜன்னலிலிருந்து ஒதுக்கினார்கள். பக்கத்து அறை அம்மா.

"நீ கத்தாத. நீ கத்துனா அது இன்னா செய்யும், பாவம்?"

ஜன்னலடியில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். தன் கை வளையல்களைக் கம்பியில் கலகலவென்று தட்டினாள். பாப்பா அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அந்த அம்மா ஒரு பச்சைக் கண்ணாடி வளையலைக் கழற்றி உள்ளே நீட்டினாள்.

"யாருக்கு வளையலு? பாப்பாவுக்கா? வந்து வாங்கிக்க வா."

பாப்பா எழுந்தாள். ஸ்டவ்வை ஒரு தரம் பார்த்தாள். பிறகு ஜன்னலுக்கு வந்து வளையலை வாங்கிக்கொண்டாள்.

"கைல போட்டுக்கினாதான் இன்னொண்ணு. எங்க, போடு பாக்கலாம்."

பாப்பா அதை மாட்டித் தோள் வரைக்கும் ஏற்றிக்கொண்டாள். இன்னொன்று. அதையும் ஏற்றினாள். கதவைக் கடப்பாறையால் நெம்புகிற சத்தத்தில் ஒவ்வொரு தடவையும் அவள் முகம் கோணும். உடனே இந்த அம்மா அடுத்ததை நீட்டுவாள். தன் வலக்கை வளையல்கள் முடிந்து இடக்கைக்கு மாறினாள். கழற்றும்போது ஒன்று இறுக்கமாக இருந்து உடைந்து அவள் மணிக்கட்டைக் கிழித்தது. அதை அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

பால் பொங்கி வழிந்தது. ஸ்டவ் குப்பென்று மஞ்சளாக எரிந்து சுவரில் கரியடித்தது. பாப்பா அந்தப் பக்கம் திரும்பினாள்.

"இந்தா, இங்க பாரு! செவப்பு வளையலு இருக்குது!"

திரும்பி வந்தாள். கடைசி வளையலைப் பாப்பா கையில் மாட்டுகிற நேரத்தில் கதவு பெயர்ந்து விழுந்தது. யாரோ ஈரச் சாக்கை ஸ்டவ்வின் மேல் போட்டார்கள். நான் பாப்பாவை வாரி எடுத்தேன். அவள் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. இரண்டு கையையும் நீட்டி "வய, வய" என்று கூட்டத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

பக்கத்து அறைக்குள்ளிருந்து ஒரு ஆணின் குரல் கேட்டது. பலவீனமான குரல். "கொளந்தய எடுத்துட்டாங்களாம்மே?"

"எடுத்துட்டாங்க. நீ எழுந்துக்காத, படு."

அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அவள் புருஷனுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றில் ஆபரேஷன் ஆகிப் பத்து நாள். புண் ஆறவில்லை. தினமும் கட்டுப் பிரிக்கப் போகவேண்டும். டாக்டர் இன்னும் நம்பிக்கையாக ஒன்றும் சொல்லவில்லை. பகலில்தான் அவருக்குக் கொஞ்சம் கண்ணசரும். டம்ளர் சத்தத்துக்கு ஆள் அனுப்பியது அதனால்தான்.

கூட்டத்தில் நின்ற ஒரு பெண் மெதுவாக, ஆனால் காதில் விழுகிற மாதிரி சொன்னாள். "புருஷன் இப்படிக் கெடக்கறப்போ எவளாவது ரெண்டு கையையும் மொட்டையாக்கிக்குவாளா?"

அதுவரை சலனமில்லாமல் இருந்த அந்த அம்மாவின் முகம் மாறியது. தன் கைகளைப் பார்த்தாள். சட்டென்று முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

அவர் ரொட்டிப் பொட்டலத்தோடு வந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். நடந்ததைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்துப்போனது. பாப்பா கையிலிருந்து ஒரு வளையலை அளவுக்குக் கழற்றிக்கொண்டு இறங்கி ஓடினார். கடைகள் திறக்காத நேரம். எங்கெங்கே அலைந்தாரோ, வேர்த்து விறுவிறுத்து இரண்டு டஜன் பச்சையும் சிவப்புமாக வாங்கி வந்தார்.

நான் அந்த அம்மாவின் அறைக்குப் போய், கையை வாங்கி ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டேன்.

"அக்கா, மன்னிச்சிடுங்க. உங்களப் போயி நான்..."

"இதுக்கு இன்னாத்துக்கு அழுவுற? கொளந்த நெருப்பாண்ட நிக்குது. வேற எது நெனப்புல வரும்? கழட்டுறப்போ எனக்கு ஒண்ணும் தோணல." பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "அந்தப் பொம்பள சொன்னப்புறம்தான் பயமா இருக்குது" என்றாள்.

அவள் பேச்சு எங்கள் பக்கத்துப் பேச்சாக இருந்ததால் ஊரை விசாரித்தேன். வல்லம் பக்கம். எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச தூரம். பேரைக் கேட்கத் தோன்றவில்லை. மேனேஜர் எங்களைத் திட்டித் தீர்த்துவிட்டு அன்றைக்கே அறையைக் காலி செய்யச் சொன்னார். அதில் நியாயம் இருந்ததால் உடனே கிளம்பினோம்.

ஊருக்கு வந்த பிறகும் எனக்கு நிம்மதியில்லை. "அதெல்லாம் மூடநம்பிக்கை" என்று அவர் சொல்வார். ஆனால் வல்லம் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளிடம், மெட்ராஸ் போய் ஆபரேஷன் செய்துகொண்டவர் யாராவது உங்கள் ஊரில் உண்டா என்று அவரே விசாரித்துக்கொண்டும் இருந்தார். ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த வருஷம், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அறுவடை முடிந்த சமயம். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் பாப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். வல்லம் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெண் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். அந்த உயரம், அந்த நடை. முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கூடையைப் பிடித்திருந்த கைகளைத்தான் பார்த்தேன். இரண்டு கையிலும் முழங்கை வரை சரிந்து கிடந்தன வளையல்கள். பின்னாலேயே ஒரு ஒல்லியான மனிதர், "கொஞ்சம் நில்லும்மே, எனக்கின்னா றெக்கையா இருக்குது?" என்று கத்திக்கொண்டு வந்தார்.

நான் ஓடிப்போய் முன்னால் நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள், கீழே பாப்பாவைப் பார்த்தாள். "இந்தக் கள்ளியா!" என்று சிரித்தாள். பாப்பா யாரோ என்று என் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

இப்போது என் மகள் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியூர் கிளம்புகிறாள். தாழ்ப்பாளைப் பார், அடுப்பைப் பார் என்று ஆயிரம் சொல்லி அனுப்புகிறேன். வாய்விட்டுச் சொல்லாமல் நான் வேண்டிக்கொள்வது ஒன்றுதான்: அவள் தங்கப்போகிற இடத்தில் பக்கத்து அறையில் அப்படி ஒருத்தி இருக்கவேண்டும்.