நாற்காலி வாங்கப் போனவருக்கு மூச்சுப் பயிற்சி

எங்கள் தெரு முடிதிருத்தும் கடைக்காரர், புது நாற்காலிக்காக மூன்று வருடம் முதலீட்டுச் செயலியில் பணம் சேர்த்தார். நாற்காலி வண்டியில் வந்து வாசலில் நின்றதும், பணத்தை எடுக்கப் பொத்தானை அமுக்கினார்.

"சந்தை இறங்கியிருப்பதால் பயப்படுகிறீர்களா?" என்று செயலிக்குள் இருந்த ஏஐ ஆலோசகர் கேட்டது.

"பயம் இல்லப்பா, நாற்காலி வாங்கணும்."

"உங்கள் பயம் புரிகிறது. ஆழமாக மூச்சு விடுங்கள்."

"நான் விடுற மூச்சுல உன் கம்பெனியே பறந்துடும். காசக் குடுடா சாமி."

"கோபமும் பயத்தின் அறிகுறியே."

பாதி மழித்த தாடியோடு உட்கார்ந்திருந்த அவருடைய மச்சினன் சலித்துக்கொண்டான். "மாமா, நீங்க அதுகிட்ட பேசி முடிக்கறதுக்குள்ள மழிச்ச பக்கமும் வளந்துடும்."

அதற்குள் எதிரே இருந்த இன்னொரு முடிதிருத்தும் கடைக்காரர் ரொக்கத்தை நீட்ட, நாற்காலி தெருவைத் தாண்டிப் போய்விட்டது.

இனி பணம் எதற்கு என்று அவர் ரத்துப் பொத்தானை அமுக்கியதும், செயலி திரையில் பலூன்களைப் பறக்கவிட்டது. "பதற்றத்தை வென்றுவிட்டீர்கள். பாராட்டுகள்."