சிவப்புக் கோட்டுக்குள் மூன்று பாடுகள்

முதுகலை இரண்டாம் ஆண்டில் எங்கள் பேராசிரியர் திடீரென்று காகிதத்தைக் கைவிட்டார். இனி கட்டுரைகளை மின்னஞ்சலில்தான் அனுப்ப வேண்டும், திருத்தமும் மின்னஞ்சலில்தான் வரும் என்றார். வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் கைதட்டினார்கள். நான் திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்திலிருந்த பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன்.

எண்ணூர் ஆற்றில் மீன்பிடிப்பு எப்படி மாறிவிட்டது என்பதுதான் என் ஆங்கிலக் கட்டுரை. நான் பிறந்த குப்பம் அந்த ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. கட்டுரைக்கு முதல் தரம் வாங்கினால்தான் ஆராய்ச்சிப் படிப்புக்குப் பேராசிரியர் பரிந்துரைக் கடிதம் தருவார். எங்கள் குப்பத்திலிருந்து அதுவரை யாரும் அந்தப் பக்கம் போனதில்லை.

திரும்பி வந்த கட்டுரையைத் திறந்தால் வலது ஓரம் முழுக்கச் சிவப்புப் பெட்டிகள். எல்லாவற்றிலும் ஆங்கிலத்தில் ஒரே கேள்வி: ஆதாரம்? அனல்மின் ஆலைச் சாம்பலால் ஆறு தூர்ந்துவிட்டது என்று எழுதியிருந்தேன். ஆதாரம்? இறால் குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தேன். ஆதாரம்? நியாயமான கேள்விதான். நேரில் கேட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். பெட்டியோடு எப்படி வாதாடுவது?

கூடப் படித்த வியாசர்பாடித் தோழிக்கும் அதே அளவு பெட்டிகள் வந்திருந்தன. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“இதுக்குப் போயி இன்னாத்துக்குடி பேஜாராவற? நானு எல்லா பொட்டியையும் டெலீட் அட்ச்சி அப்டியே திருப்பி அனுப்சிட்டேன். அந்தாளு மறுபடியும் பாத்துகினா இருக்கப் போறாரு?”

வகுப்பில் பாதிப் பேர் அதைத்தான் செய்தார்கள். நான் மட்டும் பெரிய யோக்கியம் போல வீட்டுக்குப் போய், ஆற்றில் வலை கட்டும் என் அப்பாவிடம் கேட்டேன். நைனா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன்.

எங்கள் ஆற்றில் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. வலை கட்டும் ஒவ்வொரு இடத்துக்கும் பாடு என்று பெயர். எந்தப் பாடு யாருக்கு என்று ஊர்கூடிச் சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். ஒருவன் முறையில் இன்னொருவன் இறங்கினால் மண்டை உடையும்.

“மூணு பாட்டுக்கு இப்ப சீட்டே போடறதில்லமா,” என்றார் நைனா. “சாம்பலு ஏறி முட்டிக்கால் தண்ணி கூட கெடையாது. சும்மா குட்தாலும் எவனும் வாணான்றான். இத்தவிட இன்னா ஆதாரம் வோணுமாம் உங்க வாத்தியாருக்கு?”

மண்டையை உடைத்துக்கொண்ட இடத்தை ஓர் ஊரே கைகழுவியிருக்கிறது. அதைவிடப் பெரிய சாட்சி ஏது? மூன்று பாடுகளின் பெயர்களையும் நைனா சொன்னதையும் ஒரு பத்தியாகச் சேர்த்து அனுப்பினேன். “எம் பொண்ணு நாம சொன்னத காலேஜில எயுதிக்கீது,” என்று நைனா கரையெல்லாம் சொல்லிவிட்டார்.

நான்காம் நாள் பதில் வந்தது. நைனாவின் பத்தி முழுவதும் குறுக்கே சிவப்புக் கோடு. வாய்மொழி ஏற்கப்படாது, அச்சான அறிக்கையைக் காட்டவும் என்றது ஓரத்துப் பெட்டி. நூலகத்தில் அச்சான அறிக்கை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஆலைக்காரர்களே எழுதிவைத்தது. ஆற்றின் ஆழத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லையாம். அந்த ஆற்றில் ஒரு நாளாவது இறங்கி நின்றவன் அதை எழுதியிருக்க மாட்டான்.

தெரிந்தேதான் செய்தேன். திருத்தத்தை ஏற்கும் பொத்தானை அழுத்தியதும் நைனாவின் பத்தி மறைந்துவிட்டது. அந்த இடத்தில் ஆலைக்காரர்களின் வரியைப் போட்டேன். முதல் தரம் கிடைத்தது. பெட்டிகளை அழித்து அனுப்பிய தோழிக்கும் அதே முதல் தரம், நன்றாகத் திருத்தியிருக்கிறாய் என்று பாராட்டு வேறு. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்றைக்கும் அடங்கவில்லை.

பிரிண்ட் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால், நைனா பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரை உட்காரவைத்துக் காத்திருந்தார். நைனா தினமும் தமிழ்ப் பேப்பர் படிப்பவர்தான், ஆனால் ஆங்கிலம் மூன்று பேருக்குமே தெரியாது.

“நம்ம பாடு வர்ற எடத்த பட்சிக் காட்டுமா,” என்றார்.

பக்கத்தைப் புரட்டினேன். ஆலைக்காரர்களின் வரிமேல் விரலை வைத்துக்கொண்டு, மூன்று பாடுகளின் பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் சொன்னதையும் வார்த்தை மாறாமல் சொன்னேன். நைனா அவர்கள் பக்கம் திரும்பினார்.

“கேட்டீங்களா? எயுத்துல ஏறிட்ச்சி. இனிமே எவனும் இல்லன்னு சொல்ல முடியாது.”