வெள்ளச் சாவடியில் போன் எடுக்கிற குரல்

அடுத்தவங்க வாங்கப்போற கம்பெனியில குத்தம் கண்டுபிடிக்கிறதுதான் எங்க வீட்டுக்காரருக்கு உத்தியோகம். அதுக்குச் சம்பளம் வேற. என் சமையல்லயும் கல்யாணமான நாள்ல இருந்து அதைத்தான் செய்றார், சம்பளமில்லாம. விக்கிறவங்க நீட்டுற காகிதத்தை ஒரு புரட்டுப் புரட்டிட்டு ஓரமா வச்சுடுவார். "கம்பெனி காகிதத்துலயா இருக்கு? இருக்கிற இடத்துக்குப் போய்ப் பார்ப்போம், வா"ம்பார். அவருக்குக் கார் ஓட்ட வராது. வேற யாரு, நான்தான் ஓட்டணும்.

என் தம்பி ஒரு தொலைபேசிச் சேவைக் கம்பெனியை வாங்கியே தீருவேன்னு ஒத்தக்கால்ல நின்னான். ஆத்துல தண்ணி ஏறுதான்னு பார்க்க ஆத்தோரத்துல இருக்கிற வெள்ளக் காவல் சாவடிக்கெல்லாம் போன் லைன் பராமரிக்கிற அரசாங்க ஒப்பந்தம் அவங்ககிட்ட இருந்துச்சு. பார்த்த வேலையை விட்டுட்டான். குடியிருக்கிற வீட்டையும் வித்துப் போடப்போறானாம். "மாமா வேணாம்னா விட்டுடுறேன்க்கா"ன்னான். புள்ளகுட்டிக்காரன். இவர் சொல்ற ஒரு வார்த்தையிலதான் அவன் குடும்பமே நிக்குது.

ஒப்பந்தத்துல ஒரு கோணல். அரசாங்க ஆபீஸ்ல இருந்து தினமும் ஒவ்வொரு சாவடிக்கும் போன் போடுவாங்க. எடுத்து "எல்லாம் சரி"ன்னு சொன்னா லைன் நல்லாயிருக்குன்னு அர்த்தம், பணம் வந்துடும். எடுக்கிறது யாருன்னு கேக்கணும்னு எந்த மகராசனும் எழுதி வைக்கல.

கம்பெனியில உக்காந்து இவர் ஒவ்வொரு சாவடிக்கா போட்டுப் பார்த்தார். எல்லாத்துலயும் முதல் மணியிலயே எடுத்துட்டாங்க. தம்பிக்கு வாயெல்லாம் பல்லு. இவர் முகம் மட்டும் சுருங்கிடுச்சு. "அரசாங்க இடத்துல இவ்வளவு சுறுசுறுப்பா? எங்கயோ இடிக்குதே"ன்னார்.

மூணு பேரும் ஒரு சாவடிக்குக் கிளம்பினோம். உச்சி வெயில். ஆத்தங்கரையில ஒத்தை ரூம், காக்கா குருவி இல்ல. பூட்டு துருவேறிக் கிடந்துச்சு, கதவு முழுக்க ஒட்டடை. ஜன்னல் கம்பி வழியா பார்த்தா மேசை மேல போன். மேசை, நாற்காலி, தரை எல்லாத்துலயும் ஒரே கனத்துல தூசி, ஒரு கால்தடம்கூட இல்ல.

இவர் செல்போன்ல நம்பர் போட்டு ஸ்பீக்கரைத் தட்டினார். உள்ள மணி அடிச்சு நின்னுச்சு. ரிசீவர் வச்ச இடத்துல அப்படியே இருக்கு.

"எல்லாம் சரி." நிதானமான பொம்பளைக் குரல்.

"எங்கேயிருந்து பேசுறீங்கம்மா?"

"சாவடியிலதாங்க. மூணு பேரும் ஏன் வெயில்ல நிக்கிறீங்க?"

"கேமரா வச்சிருப்பாங்கக்கா"ன்னு தம்பி சிரிச்சான். சுத்திச் சுத்திப் பார்த்தேன். வெறும் சுவரு.

இவர் சிரிக்கல. "வேணாம்ப்பா, இதை வாங்காதே. நாளைக்கு ஆறு பொங்கிக் கரையை உடைச்சாலும் இது எல்லாம் சரின்னுதான் சொல்லும். அதை நம்பித் தூங்குறவங்க பாவம் உன் தலையில விடியும்."

அப்பாடான்னு மூச்சு விட்டேன். தம்பி தப்பிச்சான்னு நினைச்சேன். பேச்சுல இவர் போனை அணைக்க மறந்திருக்கார்.

"முதலாளி," அந்தக் குரல் கூப்பிட்டுச்சு, "சாவி உங்க பாக்கெட்லதானே இருக்கு? உள்ள வாங்க."

யாரு முதலாளின்னு நானும் இவரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். தம்பியோட கை பாக்கெட்டை அழுத்திப் பிடிச்சிருந்துச்சு. முகத்துல ஈயாடல.

"கையெழுத்துப் போட்டுட்டேன்க்கா. போன வாரமே, வீட்டையும் கொடுத்துட்டேன். மாமா வேணாம்னுடுவாரோன்னு பயந்து..."

"அடப்பாவி"ன்னேன். அழுகைதான் வந்துச்சு. ஊருல உள்ள குத்தமெல்லாம் பார்க்கிற மனுஷன் இவனை ஒரு சொல் சொல்லல. "வாங்கியாச்சுல்ல, உள்ள என்ன இருக்குன்னு பார்த்துடுவோம்"னு கையை நீட்டிச் சாவியை வாங்கினார்.

துருப்பிடிச்ச பூட்டு, உடைச்சாத்தான் திறக்கும்னு நினைச்சேன். சாவி பட்டதும் எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிக்கிட்டுத் திறந்துச்சு.

தம்பியைப் பின்னால தள்ளிட்டு இவர் முதல் ஆளா உள்ள கால் வச்சார். போகாதீங்க, போகாதீங்கன்னு சொல்லிக்கிட்டே நானும் அவர் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு உள்ள போனேன்.