காலண்டர் அட்டையின் பின்பக்கம்

என் துணி அலமாரியின் மேல்தட்டில், பாஸ்போர்ட் நகல்களுக்கும் பிள்ளைகளின் தடுப்பூசிச் சீட்டுகளுக்கும் அடியில், பழைய தினசரிக் காலண்டர் அட்டை ஒன்று கிடக்கிறது. குவைத்தில் அப்பாசியாவில் எங்கள் தெருமுனை மளிகைக்கடையில் வருஷப்பிறப்புக்குக் கொடுத்தது. தாளெல்லாம் கிழித்தாகிவிட்டது. தலைப்பக்கம் ஒரு கிளிப் மாட்டியிருக்கிறேன், ஊரில் பரீட்சைக்கு எடுத்துப்போவோமே அந்த மாதிரி. அதில் தாளைச் செருகித்தான் நான் கிரிக்கெட்டுக்கு ஸ்கோர் எழுதினேன். அட்டையைத் திருப்பினால் பென்சிலில் மூன்று வரி, அடியில் ஒரு பூஜ்யம். இரண்டு தடவை வீடு மாறியபோதும் குப்பையில் போடக் கையில் எடுத்தேன். இரண்டு தடவையும் திரும்ப உள்ளேயே வைத்துவிட்டேன்.

எங்கள் கட்டிடத்தில் ‘மிஸ்’ என்றால் மூன்றாம் மாடியில் இருந்த விளையாட்டு ஆசிரியை ஒருவர்தான். திருநெல்வேலிப் பக்கம். இந்தியப் பள்ளி ஒன்றில் வேலை. கல்யாணத்துக்கு முன் மாவட்ட அணியில் ஆடியவர். அவருடைய அப்பா பஸ் கண்டக்டர். சொந்தக்காரர்கள் எல்லாம் “பொம்பளப் பிள்ளைக்கு மட்டை எதுக்கு?” என்று முகத்தைச் சுளித்த காலத்தில், டிரிப் முடிந்து காக்கிச் சட்டையோடு வந்து மைதான ஓரத்தில் நின்று மகள் ஆடுவதைப் பார்த்த மனிதர். கல்யாணத்தோடு அந்த ஆட்டம் நின்றது. கணவருக்குப் பின்னால் இவரும் குவைத்துக்கு வந்து சேர்ந்தார். நான் இரண்டாம் மாடியில், பி.காம். படித்துவிட்டு, குடும்ப விசாவில் சும்மா உட்கார்ந்திருந்தேன். நாலு சுவரையும் பார்த்துப் பார்த்துப் பைத்தியம் பிடிக்க இருந்த என்னை ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கதவைத் தட்டி, “வாட்டி, சும்மா வந்து நில்லு” என்று இழுத்துப் போனவர் மிஸ்.

பள்ளியின் கூடைப்பந்துத் தளம்தான் மைதானம். டென்னிஸ் பந்தில் கறுப்பு டேப் சுற்றியிருப்பார்கள். நைட் டியூட்டி முடிந்து கண் சிவக்க வரும் நர்ஸ்கள், டீச்சர்கள், சாம்பாரை அடுப்பில் இறக்கி வைத்துவிட்டு ஓடிவரும் என்னைப் போன்றவர்கள் என்று இருபது பேர் தேறினோம். நான் பந்தை எறிந்தால் அது எனக்குப் பின்னால் போய் விழுந்தது. மிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, நீ ஸ்கோர் எழுது, கணக்குப் படித்தவள்தானே என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நான்தான் அணியின் கணக்குப் புலி. யார் எத்தனை ரன், யாருக்கு எந்த வாரம் டியூட்டி, யார் எப்போது லீவில் ஊருக்குப் போகிறார்கள், எல்லாம் என் அட்டையில் இருக்கும். அந்தப் பட்டம் எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

நாங்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தால் இது கடைசிவரை வந்தேறிகளின் ஆட்டமாகவே இருக்கும், இந்த ஊர்ப் பெண்களும் ஆட வேண்டும் என்பது மிஸ்ஸின் பிடிவாதம். அலைந்து திரிந்து, அரசுப் பள்ளி ஒன்றில் வாரம் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கினார். பிளாஸ்டிக் மட்டைகளையும் ஸ்டம்புகளையும் மிஸ்ஸுடைய கணவரின் காரில் போட்டுக்கொண்டு போவோம். கால்பந்து தவிர வேறு தெரியாத பிள்ளைகள். பந்தை அடித்ததும் மட்டையைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினார்கள். ஓடச் சொன்னால், அதுதான் நன்றாக அடித்துவிட்டேனே, இன்னும் எதற்கு ஓட வேண்டும் என்று ஒருத்தி கேட்டாள். மிஸ் தானே மட்டையோடு ஓடிக் காட்டினார். ரன்னுக்கு ‘யல்லா’, அதாவது கிளம்பு, அவுட்டுக்கு ‘கலாஸ்’, அதாவது முடிந்தது என்று அரபியில் மிஸ்ஸே வைத்துக்கொண்டார். அங்கே டீச்சரை ‘அப்லா’ என்று கூப்பிடுவார்கள். இரண்டே மாதத்தில் மிஸ் ‘கிரிக்கெட் அப்லா’ ஆனார். ஸ்டம்பு விழுந்ததும் முப்பது பெண்கள் ஒரே குரலில் “கலாஸ்!” என்று கத்துவது தெருவரைக்கும் கேட்கும்.

அந்தச் சமயத்தில்தான் மஸ்கட்டில் நடக்கும் போட்டிக்கு நாட்டின் பெயரில் ஒரு பெண்கள் அணியை அனுப்பலாம் என்ற பேச்சு வந்தது. கிரிக்கெட் அமைப்பிலிருந்து எங்களுக்கு மேனேஜராக ஒரு மலையாளி வந்தார். அவர் கொடுத்த ஒரு பக்கத் தாளில் விதி இருந்தது. வெளிநாட்டுக்காரி இந்த நாட்டுக்காக ஆட வேண்டுமானால் மூன்று வருஷம் இங்கே இருந்திருக்க வேண்டும். ஒரு வருஷத்தில் அறுபது நாளுக்கு மேல் வெளியே போயிருந்தால் அந்த வருஷம் சேராது. இருபது பேரையும் சலித்துப் பார்த்ததில் தேறியவர்கள் பதின்மூன்று பேர். பதின்மூன்று இருந்தால்தான் அணியை அனுப்புவோம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். பதின்மூன்றில் ஒருவர் மிஸ். அவருக்கு மூன்றாவது வருஷம் ஓடிக்கொண்டிருந்தது, போட்டிக்குள் முடிந்துவிடும்.

நவம்பரில் மிஸ்ஸின் அப்பா ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். நுரையீரல் என்றார்கள். மிஸ் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தார். அவர் சொன்னது வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது.

“ஏட்டி, ஒண்ணுக்கு ரெண்டு தடவ பாத்துச் சொல்லு. எனக்கு நாள் இருக்கா? அப்பா என்னன்னா, கணக்கு ஒத்து வந்தா வா, இல்லன்னா வெளையாடிட்டு வான்னு சொல்லுதாரு.”

நான் இரண்டு தடவை அல்ல, மூன்று தடவை பார்த்தேன். கையில் கிடைத்தது அந்தக் காலண்டர் அட்டை. அதன் பின்பக்கத்தில் அறுபது என்று எழுதினேன். ஜனவரியில் தங்கை கல்யாணத்துக்குப் போய் வந்தது இருபத்தொன்பது நாள். கோடை விடுமுறை முப்பத்தொரு நாள். கழித்தால் பூஜ்யம். ஒரு நாள்கூட இல்லை மிஸ் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கெட்டிக்காரி ஆயிற்றே, யோசனையும் சொன்னேன்: “ஜனவரி ஒண்ணாந்தேதி போங்க மிஸ். புது வருஷம், புதுக் கணக்கு.”  மிஸ் அங்கேயே உட்கார்ந்து ஜனவரி ஒன்றாம் தேதிக்கு டிக்கெட் போட்டார்.

அதன்பின் தினமும் சாயங்காலம் அவர் அப்பாவோடு வீடியோவில் பேசுவார். பல நாள் நானும் பக்கத்தில் இருந்தேன். மூக்கில் குழாயோடு அந்த மனிதர் கேட்கும் ஒரே கேள்வி, “இன்னும் எத்தன நாளுட்டி?” நாற்பது, முப்பத்தாறு, இருபத்தெட்டு என்று மிஸ் சொல்லுவார். அவர் தலையை ஆட்டிக்கொள்வார். மார்கழி பிறந்த மூன்றாம் நாள் காலையில் அவர் இறந்துவிட்டார்.

உடனே போங்கள் மிஸ் என்றோம். போனால் பன்னிரண்டு பேருக்கும் போச்சே என்றார். அப்பாவும் அதைத்தானே சொன்னார் என்றார். அவருடைய தம்பி போனைப் பிடித்துக்கொள்ள, அப்பாவைக் குளிப்பாட்டியதையும் பாடையில் வைத்ததையும் மூன்றாம் மாடிச் சோபாவில் உட்கார்ந்து பார்த்தார். தெரு திரும்பும்போது படம் நின்றுவிட்டது. நான் பக்கத்தில் அவர் கையைப் பிடித்தபடி இருந்தேன். அந்தக் கையைப் பிடிக்க எனக்கு என்ன யோக்கியதை இருந்தது என்று அன்றைக்குத் தெரியாது. பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் அவரால் போக முடிந்தது. பத்து நாளில் திரும்பிவிட்டார்.

மார்ச் மாதம் மேனேஜர் படிவங்களை நிரப்பிக்கொண்டு வந்தார். மிஸ்ஸின் தாளில் மூன்றாம் வருஷத்துக்கு எதிரே கோடை முப்பத்தொன்று, காரியத்துக்குப் போன பத்து, மொத்தம் நாற்பத்தொன்று என்று இருந்தது. தங்கை கல்யாணத்துக்குப் போன இருபத்தொன்பது நாள் அதற்கு முந்தைய வருஷத்தில் இருந்தது. தப்பு என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். அவர் சிரித்தார். “வருஷம்னா காலண்டர் வருஷம் இல்ல சேச்சி. அகாமா கிடைச்ச நாள்லேர்ந்து எண்ணணும்.” அகாமா என்பது இங்கே தங்குவதற்கான அனுமதி. மிஸ்ஸுக்கு அது கிடைத்தது ஒரு மார்ச் மாதத்தில். அப்படியென்றால் நவம்பரில் மிஸ் என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, அந்த ஜனவரி கணக்கிலேயே கிடையாது. அவர் கையில் இருபத்தொன்பது நாள் இருந்தது. போய், அப்பா பக்கத்தில் இரண்டு வாரம் இருந்துவிட்டு வந்து, ஆடியும் இருக்கலாம்.

மேனேஜருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் போதும். எனக்குத் தெரியாததா என்ற எண்ணம் கேட்க விடவில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நான் அளக்கத்தான் செய்தேன், தப்பான படியால். கையெழுத்துக்கு அந்தத் தாளை மிஸ்ஸிடம் நானேதான் கொண்டுபோனேன். எங்கே போட வேண்டும் என்று கேட்டார். விரலை வைத்துக் காட்டினேன். படித்துப் பார்க்காமல் போட்டுக் கொடுத்தார். அந்த ஒரு நிமிஷத்தில் சொல்லியிருக்க வேண்டும். போட்டி முடியட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மஸ்கட்டுக்கு ஸ்கோர் எழுத நானும் போயிருந்தேன். ஆட்டத்தைப் பார்க்க ஆளே இல்லை. புல்லுக்குத் தண்ணீர் விடும் இரண்டு பேர் குழாயைக் கையில் பிடித்தபடி நின்று பார்த்தார்கள். முதுகில் நாட்டின் பெயரோடு பதின்மூன்று பேரும் வரிசையில் நின்றபோது தேசிய கீதம் ஒலித்தது. பள்ளியில் தினமும் காலையில் பாடிப் பழகிய மிஸ் மட்டும் அரபியில் முழுதாகப் பாடினார். ஏழு ரன் எடுத்தார். நாங்கள் தோற்றோம். ஆட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, ஸ்கோர் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பு, அப்பாவுக்கு என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டு காலில் கட்டியிருந்த பேடைக் கழற்ற ஆரம்பித்தார். நான் தாளைப் பார்ப்பது போல் குனிந்துகொண்டேன்.

அடுத்த வருஷம் அவர் கணவரின் கம்பெனியில் ஆட்களைக் குறைத்தார்கள். இரண்டு மாதத்தில் மூட்டை கட்டும்படி ஆனது. அரசுப் பள்ளி வகுப்பும் அதோடு நின்றது. புறப்படும் நாளில் மூன்றாம் மாடி வெறிச்சென்று கிடந்தது, சுவரில் ஆணிகள் மட்டும். மஸ்கட்டிலிருந்து வந்தபின் பார்ப்பதற்காக என்னிடம் வாங்கி வைத்திருந்த அட்டையை, ஸ்கோர் தாள்களை எல்லாம் கிளிப்பில் செருகி, இது உன்னிடமே இருக்கட்டும் என்று என் கையில் கொடுத்தார். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் நான் மாடி ஏறியிருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“நீ மட்டும் அன்னைக்கு நாள் இல்லன்னு சொல்லலன்னா நான் ஓடிப் போயிருப்பேன்ட்டி. வெளையாடியே இருக்க மாட்டேன். அப்பா ஆசப்பட்டது ஒன்னாலதான் நடந்துச்சு.”

அதற்குமேல் எப்படிச் சொல்வது? அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நடமாடுகிறார், அதைப் பிடுங்கக் கூடாது என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் அது பாதி உண்மைதான். மீதிப் பாதி பயம். நன்றி சொல்லும் வாயால் அவர் என்னை என்ன சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

நான் இன்னும் அப்பாசியாவில்தான் இருக்கிறேன். போன மாதம் பெண்கள் அணியின் வீடியோ ஒன்று போனுக்கு வந்தது. அணியில் இப்போது இந்த நாட்டுப் பெண்கள் இரண்டு பேர். அவர்களில் ஒருத்தி பந்து போட்டு ஸ்டம்பைச் சாய்த்துவிட்டு, இரண்டு கையையும் தூக்கிக் “கலாஸ்!” என்று கத்துகிறாள். மிஸ்ஸின் வகுப்பில் இருந்தவளா என்று தெரியவில்லை. அந்தக் கத்தல் மட்டும் தெரிந்தது. மிஸ்ஸுக்கு அனுப்பினேன். திருநெல்வேலியில் இருந்து அழுகையும் சிரிப்புமாகக் குரல் வந்தது. அப்பா இருந்திருந்தால் இதைப் பார்த்திருப்பார் என்றார். கடைசியில் வழக்கம்போல எனக்கு ஒரு நன்றி. பதில் அடிக்க ஆரம்பித்து, அழித்து, மறுபடி அடித்து, ஒரு கும்பிடு படத்தை மட்டும் அனுப்பிவைத்தேன்.

இன்று காலையில் அட்டையை மறுபடி வெளியே எடுத்தேன். பென்சில் கோடுகள் மங்கியிருக்கின்றன. பூஜ்யம் மட்டும் அழுத்தி எழுதியதால் அப்படியே இருக்கிறது. மிஸ் கிடைத்ததையெல்லாம் படிக்கிறவர். இதுவும் ஒருநாள் அவர் கண்ணில் படும். முகத்துக்கு நேரே சொல்லத் தைரியம் இல்லாததால்தான் எழுதினேன்.

மிஸ், அந்த நவம்பரில் உங்களுக்கு இருபத்தொன்பது நாள் இருந்தது. நீங்கள் போயிருக்கலாம்.